அக்கா கொடுத்த சிறுநீரகத்துக்கு ரத்தம் போகிறதா?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே! அனுபவத்தால் எங்களை ஆளாக்கிய பெரியோர்களே! பெற்ற பிள்ளைக்கும் உடன்பிறந்தானுக்கும் தன் உறுப்பையே தந்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் இந்த அவையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இந்த ஸ்கேன் அறைக்காரியின் பணிவான வணக்கம்.

ஓடுகிற ஆற்றை அளக்கலாம். உடலுக்குள் ஓடுகிற உதிரத்தை, ஊசி குத்தாமல், ஒரு சொட்டும் எடுக்காமல் அளக்க முடியுமா? இப்படி என்னைக் கேட்டவர் விஞ்ஞானி அல்லர். தபால் பட்டுவாடா செய்யும் ஓர் அக்கா!

லாரி மெக்கானிக்கான தம்பிக்கு அவர் ஒரு சிறுநீரகம் கொடுத்திருந்தார். மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு தம்பிக்குக் கால் வீங்கியது. ரத்த அழுத்தம் எகிறியது. உடல் அதை ஏற்க மறுக்கிறதா? இல்லை, அதற்குப் போகும் ரத்தமே குறைந்துவிட்டதா? சாய மருந்து ஏற்றிப் பார்க்க மருத்துவர் தயங்கினார். சோர்ந்த சிறுநீரகத்துக்கு அதுவே சுமையாகலாம். சாயமின்றி எம்.ஆர்.ஐ. எடுக்க என்னிடம் அனுப்பினார்.

"மருந்தே ஏத்தாம எப்படிம்மா தெரியும்?" என்றார் அக்கா.

"ரத்தத்துல இருக்கற தண்ணிக்குக் காந்தத்தாலயே ஒரு அடையாளம் வைப்போங்க்கா. அது கிட்னிக்குள்ள போனதும் ஒரு படம்; அடையாளம் வைக்காம இன்னொரு படம். ஒண்ணுலேருந்து ஒண்ணைக் கழிச்சா, உள்ள போன ரத்தம் மட்டும் தெரியும்."

"அட, முத்திரை குத்தற மாதிரி!"

"ஆனா ரெண்டு மூணு செகண்ட்ல அழிஞ்சிடும்."

"அப்ப அது எங்க ஆபீஸ் முத்திரையேதான்!"

சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தேன். சிரிக்காதவர் தம்பி ஒருவர்தான். நாளெல்லாம் லாரிக்கு அடியில் படுத்துக் கிடப்பவர், எங்கள் எந்திரத்துக்குள் இரண்டு நிமிடம் படுக்க முடியாமல் நடுங்கினார். படமெல்லாம் கலங்கல்!

"லாரின்னா ரெண்டு பக்கமும் வெளிச்சம் தெரியும்க்கா..."

அக்கா தோட்டைக் கழற்றினார், காதை அடைத்துக்கொண்டார், உள்ளே வந்து தம்பியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், நாப்பது வருஷம் என் வயித்துக்குள்ள இருட்டுலதான்டா அது கிடந்துச்சு. நீ இருபது நிமிஷம் ஆடாம கிட!"

கிடந்தார்! படம் வந்தது. ஒளிர வேண்டிய சிறுநீரகம் மங்கிக் கிடந்தது. ஏன் மங்கியது? தொடர்ந்து எடுத்த படங்கள் சொல்லின: தம்பியின் ரத்தக்குழாயோடு அதைத் தைத்து இணைத்த இடம் குறுகிவிட்டது. மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி மருத்துவர்கள் அதை விரித்தார்கள்.

ஒரு வாரம் கழித்து மீண்டும் அதே அறை, அதே படுக்கை. இம்முறை திரையில் சிறுநீரகம் பளிச்சென்று மின்னியது! தம்பி துள்ளினார். அக்கா மட்டும் திரைக்கு அருகே வந்து அதையே உற்றுப் பார்த்தார்.

"என்னங்க்கா?"

"இத்தனை வருஷம் எங்கூடவே இருந்துச்சு. அது எப்படி இருக்கும்னு ஒரு நாள்கூட நான் யோசிச்சதில்லையேம்மா..."

அன்பர்களே! நாம் யோசித்திருக்கிறோமா? உறங்கும்போதும் உழைக்கும்போதும் ஓயாது ஓடும் அந்த ஓட்டத்தை ஒரு கணம் எண்ணியிருக்கிறோமா? எண்ணுங்கள்! கேளுங்கள்! வெட்கப்படாமல் எங்கள் கதவைத் தட்டி, "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள்! தெரிந்ததைச் சொல்கிறோம், தெரியாததை உங்களோடு சேர்ந்து தேடுகிறோம்.

செவி கொடுத்த உங்களுக்கும், அதோ மூன்றாம் வரிசையில் தம்பியோடு அமர்ந்து, "போதும்மா, இறங்கு" என்று கைகாட்டும் அந்த அக்காவுக்கும் என் நன்றி. வணக்கம்!