எந்த மெஷினிலும் ஓடும்

பிரிண்டர் மக்கர் செய்தால்தான் ஆஸ்பத்திரியில் என்னை எல்லோருக்கும் நினைவு வரும் ஐயா. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பதினோரு வருடம் கம்ப்யூட்டர் பிரிவை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவன் நான்.

என் மச்சினனை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். கெட்டிக்காரன். நோயாளிகளுக்கு மருந்து ஏற்றும் பம்புகளை ஒரே திரையிலிருந்து இயக்க ஒரு மென்பொருள் எழுதினான். "எந்த மெஷின்லயும் ஓடும்" என்று கூட்டத்தில் சொன்னான். பெரிய டாக்டர் தட்டிக்கொடுத்தார். எனக்கு நாற்காலி போட மறந்திருந்தார்கள். ஜன்னலோரம் நின்றுகொண்டேன்.

மென்பொருள் ஓடும்தான். ஆனால் அது சொல்வதை மெஷினுக்குப் புரியவைப்பது டிரைவர் என்கிற சின்ன நிரல். பழைய ரகப் பம்புக்குத் தசமப் புள்ளி தெரியாது. இரண்டு புள்ளி ஐந்து என்று அனுப்பினால் இருபத்தைந்து என்று எடுத்துக்கொள்ளும். அதைச் சரிக்கட்டும் டிரைவரை எழுதியது நான். அவன் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றைப் போட்டான், என்னுடையது அழிந்துபோயிற்று.

ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது கேட்டான். "அத்தான், பழைய பம்புக்குத் தனியா ஏதாவது பண்ணணுமா?"

"உன்னோடதுதான் எதுலயும் ஓடுமே, அப்புறம் என்ன?" என்றேன். சிரித்தான். அவன் அக்காவும் சிரித்தாள்.

வார்டில் இருந்தவை எல்லாம் புதுப் பம்புகள். மூன்று வாரம் பொறுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஸ்டோரில் கிடந்த பழையதைத் துடைத்து எடுத்துப்போய், கடைசிப் படுக்கையில் நானே மாட்டினேன். இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஒரு தையல்காரம்மா படுத்திருந்தார். வலிக்கான மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"இது நல்லா வேலை செய்யுமா தம்பி?"

"பழசுதாம்மா உழைக்கும்."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம். அந்த அம்மாவின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டது. நர்ஸ் இரண்டு தடவை பெரிய திரையைப் பார்த்தார். அதில் இரண்டு புள்ளி ஐந்து என்றே இருந்தது, மூச்சு நின்ற பிறகும்.

மச்சினனை நீங்கள் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனபோது நான் வாய் திறக்கவில்லை. ஆனால் உங்கள் அறிக்கையில், இந்தக் கோளாறு முன்கூட்டி யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். எனக்குத் தெரியும்.

அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அந்த அம்மாவை முன்பின் பார்த்ததே இல்லை. எந்த மெஷினிலும் ஓடும் என்று ஒருவன் சொன்னால், யாராவது ஒருவர் பொறுப்போடு சோதித்துப் பார்க்க வேண்டும் இல்லையா?