மூன்று பூட்டும் ஒரு கடப்பாரையும்

என் பெயர் மெய்யநாதன், வயது அறுபத்தேழு, தகப்பனார் பெயர் முருகப்பன். காரைக்குடி வட்டம் சாக்கோட்டையில், பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டில் குடியிருந்து அதைப் பார்த்துக்கொள்கிறேன். நான் சொல்லப்போவதை நம்பக்கூடிய மனிதர் ஈரேழு பதினாலு லோகத்திலும் இல்லை என்று முதலிலேயே சத்தியமாகச் சொல்லிவிடுகிறேன். சார்பு ஆய்வாளர் சிவரஞ்சனி அம்மா, நம்புவது தன் வேலை இல்லை, எழுதுவதுதான் வேலை என்றார். ஆகவே சொல்கிறேன்.

எங்கள் வீட்டு முன்வாசலில் நுழைந்த மாப்பிள்ளை பின்வாசலை அடைவதற்குள் அவருக்குப் பேரன் பிறந்துவிடுவான், அவ்வளவு நீளம். சித்திரை வெயிலிலும் உள்ளே படுத்தவர் கம்பளி கேட்பார். அந்தக் குளிர்ச்சிக்காகத்தான் சென்ற ஆண்டு மூன்று அரசுத் துறைகள் சேர்ந்து வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தன. பனிமலை எல்லையில் நிற்கும் சிப்பாய்களின் வயர்லெஸ்ஸுக்குப் புது மாதிரி பேட்டரி செய்கிறோம், ஒரு துறை ஆராய்ச்சி செய்யும், ஒரு துறை பணம் கொடுக்கும், ஒரு துறை வாங்கிக்கொள்ளும், சோதனைவரை அவற்றைப் பத்திரமாக வைக்க இடம் வேண்டும் என்றார்கள்.

அதன் பிறகு சாவி யாரிடம் இருப்பது என்று மூன்று அதிகாரிகளுக்குள் பேச்சு வந்தது. எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பரிமாறியபடியே, எங்கள் பெட்டக அறைக்குப் பன்னிரண்டு பங்காளிகளும் ஆளுக்கொரு பூட்டுப் போட்டிருந்தார்கள், பன்னிரண்டு பேரும் கூடினால்தான் திறக்கும், பர்மாச் சக்கரவர்த்தியே வந்து கேட்டபோதும் பதினோரு பேர்தான் ஊரில் இருந்ததால் வெறுங்கையோடு கப்பலேறினார் என்று அளந்துவிட்டேன். அப்படி எதுவும் கிடையாது. அந்த அறைக்கு ஒரே சாவிதான், அதுவும் கதவு நிலையில் ஆணியில் தொங்கும். அதிகாரிகள் சிரிக்கவில்லை, மிக நல்ல முறை என்றார்கள். மறுநாள் பேட்டரிகளை உள்ளே அடுக்கி, ஒரு குளிர்சாதனமும் மாட்டினார்கள், கதவில் மூன்று பூட்டுகள் தொங்கின. சாவிகளில் ஒன்று சென்னைக்கும் ஒன்று பெங்களூருக்கும் ஒன்று டெல்லிக்கும் போய்விட்டன.

அதன் பிறகு கூட்டு ஆய்வுக்கு மூவரும் ஒரே நாளில் வர வாய்க்கவில்லை. ஒருவருக்குத் தேதி தோதானால் மற்றவருக்குக் கூட்டம், அவருக்குத் தோதானால் மூன்றாமவருக்கு மாற்றல். இதற்கிடையில் உள்ளே குளிர்சாதனம் நின்றுபோனது, சத்தம் நின்றதிலேயே தெரிந்தது, திறந்து பார்க்க வழியில்லை. சுவரின் குளிர்ச்சியும் நான் மேலே சொன்ன அளவுக்கு இல்லை.

அதன் பிறகு காவலுக்கு இருந்த சோணை, கதவிடுக்கில் நகப்பூச்சு மாதிரி ஒரு வாடை வருவதாகச் சொன்னார். நான் மூன்று துறைக்கும் போன் செய்தேன். வெறும் வாடை என்றால் யார் வருவார்கள் என்று நினைத்து, வீடு ராக்கெட்டாகி ராமேஸ்வரத்தில் இறங்கப்போகிறது என்றேன். முன்னொரு தடவை அறைக்குள் ஐந்து தலை நாகம் குடியேறியதாகச் சொல்லியிருந்தபடியால் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும், மற்ற இருவரும் வந்தால் தானும் வருவதாகச் சொன்னார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை மத்தியானம், அந்த அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பங்காளி வீட்டு நிச்சயத்துக்குக் காஸ் அடுப்பில் சமையல் நடந்துகொண்டிருந்தபோது, கதவுக்கடியில் வெள்ளைப் புகை வந்தது. சோணை கடப்பாரையோடு வந்து கதவின் முன் நின்றுவிட்டார்.

"பட்டாளத்துப் பூட்டுண்ணே. தொட்டா என்னைய உள்ள வச்சிருவாக" என்றார்.

அதன் பிறகு பூட்டுகள் உடைந்தன. யார் சொல்லி என்று சார்பு ஆய்வாளர் அம்மா கேட்டார். அதற்கு வருகிறேன் என்றேன். அதன் பிறகு சோணை, வெள்ளை அடிக்கும் வேலைக்கு முன்பாகப் பூச்சுக்குக் கொட்டியிருந்த மணலை வாளி வாளியாக உள்ளே கொண்டுபோய்க் கொட்டினார். நான் சமையல் ஆட்களைத் தெருவுக்கு விரட்டினேன். அவர்களில் ஒருவருக்கும் காயமில்லை. திரும்பி வந்தபோது வாளி வாசலில் கிடந்தது. சோணை உள்ளே கிடந்தார்.

இப்போது சிவகங்கை ஆஸ்பத்திரியில் அவர் தொண்டையில் குழாய் இருக்கிறது, பேச முடியாது. கட்டிலருகே காவலர் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். திருடும் நோக்கத்தோடு தாமாகவே பூட்டை உடைத்தார் என்று சோணைமேல் புகார். அந்த மூன்று துறைகளும் இதுவரை சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான். மூன்று கையெழுத்தும் ஒரே நாளில் விழுந்திருக்கின்றன.

நேற்று நான் போனபோது அவர் மனைவி சாலா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஈரத்துணியால் அவர் விரலிடுக்கில் இருந்த மணலைத் துடைத்துக்கொண்டே, "ஊருக்கே கதை சொல்லுவீக. இவுகளுக்காக ஒண்ணே ஒண்ணு நெசமாச் சொல்லுங்கண்ணே" என்றார்.

அம்மா, அந்த மாப்பிள்ளையையும் சக்கரவர்த்தியையும் நாகத்தையும் வாக்குமூலத்திலிருந்து அடித்துவிடுங்கள். சோணை தாமாக உடைக்கவில்லை, பயந்து நின்றார். "உடைடா, வர்றத நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னவன் நான்.

படித்துக் காட்டக் கேட்டுக்கொண்டேன். மற்றதில் எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளிக்கொள்ளுங்கள். இந்தச் சின்ன இடம் மட்டும் கூட்டாமல் குறைக்காமல் உண்மை. அதற்குக் கீழேதான் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மெய்யநாதன்