எதுவும் விளையாது

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் செல்லும் பேருந்தில், காலை ஏழே கால் மணிக்கு, எனக்கு முன் இருக்கையில் கிராம அலுவலகத் தலையாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எதிர் வரிசையில் இருந்த உப்பளத் தொழிலாளிப் பெண் அவரை மாமா என்று அழைத்தாள்.

“எங்க அளத்துல எதுவும் விளையாதுன்னு எழுதிக் குடுத்தீங்களாமே, மாமா?” என்று அவள் கேட்டபோதுதான் நான் கவனிக்கத் தொடங்கினேன்.

“ஃபாரத்துல நெல்லு, கரும்பு, மணிலாக்கொட்டைன்னு கட்டம் இருந்துச்சும்மா. உப்புக்குக் கட்டம் இல்ல.”

“அப்ப உங்க வீட்டுக் கொழம்புல போடறது எங்க விளைஞ்சுதாம்? சும்மா கெடக்குற நெலம்னு, ஆஸ்பத்திரிக் கதிர்வீச்சுக் குப்பையை வைக்க இப்ப அளந்துட்டுப் போயிட்டாங்க.”

“அது கம்மியான கதிர்வீச்சுதான். டிரம்முல அடைச்சு, கட்டடத்துக்குள்ள வைப்பாங்க. எல்லாத்துக்கும் கவர்மெண்ட் பொறுப்பு.”

“கவர்மெண்ட்டுன்னா யாரு? எங்களுக்கு நீங்கதான் கவர்மெண்ட்.”

அவர் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவள் விடவில்லை.

“ஆளுங்க வேலை செய்யறாங்களான்னு ஒரு கட்டம் இருந்துச்சாமே. அதுல என்ன எழுதுனீங்க?”

“யாரும் இல்லன்னு எழுதிட்டேன்,” என்றார் மெதுவாக.

“நீங்க பார்க்க வந்த அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன், மாமா. உங்களுக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தேன்.”

கூனிமேட்டில் பேருந்து நின்றதும் அவர் எழுந்து படிக்கட்டுக்குப் போனார்.

“மரக்காணத்துக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க?” என்றார் நடத்துநர்.

“இருக்கட்டும்பா,” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிக்கொண்டார்.