மூக்கு அளந்த புத்தகம்

அளந்துக்கிடுங்க மேடம், மூக்குதான, இங்ஙனயே இருக்கு. வேண்டாமா? இப்பமெல்லாம் அளக்கதில்லையா? அப்பம் உங்க கையில இருக்க அந்தப் பழைய புத்தகத்துல வெள்ளக்காரன் அளந்திருக்கானே.

எங்க ஆளு ஒருத்தர நேராட்டு ஒரு போட்டோ, சைடாட்டு ஒரு போட்டோ. கீழ உயரம் போட்டிருக்கான், மூக்கு நீளம் போட்டிருக்கான், பேரத்தான் காணும். சந்தையில ஆடு வாங்குகவன்கூட பல்லப் பாத்துட்டு விட்டுருவான்.

அந்த வரிய இன்னொருக்கா வாசிங்க. ஆங். முரட்டுப் பயக்க, ஆனா விசுவாசம் உண்டு, வெக்கை தாங்குவானுவ. எங்க போர்மேன் இத மனப்பாடம் பண்ணியிருப்பாரு போல. நான் ராஸ் அல் கைமாவுல வந்து எறங்கின அன்னைக்கே, கிளிட்டஸு, நீ கடல்காரன், சூடு தாங்குவன்னு ஓடு சுடுக சூளையில டூட்டி போட்டுட்டாரு. நேபாளிக்கு கேட்டுல காவலு, மலையாளிக்கு ஏசி ரூமு. அவனுவ மூக்கு வேற அளவு போல.

பெறகு? அமாவாச கழிஞ்சு மூணு நாளு தோணியத் தொடமாட்டானுவ, தொட்டா கடலு கோவிக்கும்னா? எங்க ஊருல ஒருத்தனுக்கும் தெரியாத சங்கதி மேடம் இது. நடந்தத நான் சொல்லுகேன். தொர வந்து, தோணிய எடு, கடலுக்குள்ள நிக்க பாறைக்கு விடுன்னு நின்னிருப்பாரு. நம்ம ஆளுக்கு ஒடம்பு வணங்கல்ல. வாயில வந்தத அடிச்சு விட்டிருப்பாரு. தொர பயபக்தியா எளுதிக்கிட்டாரு. இப்பம் அது எங்க பண்பாடு. நீங்க லண்டன்ல போய் அதப் படிச்சிட்டு வந்திருக்கிய.

சுலைமானி ஆறுது, குடிங்க.

ஆமா, கம்பெனிதான் உங்கள வரவழைச்சிருக்குன்னு தெரியும். நீங்க எளுதிக் குடுக்கதப் பாத்து, எந்த ஊருக்காரனுக்கு எதுக்கு லீவுன்னு மானேஜர் தீருமானிப்பாராம். போன வருசம் ஒருத்தர் வந்து நேபாளிகளப் பத்தி எளுதினாரு. அவனுவளுக்குத் திருவிழாவுக்கு லீவு கெடச்சிட்டு. நாங்க வாயால கேட்டா மாஃபி, கெடையாதுன்னுருவாரு. அதே அச்சுல வந்தா கலாச்சாரம்.

அப்பம் இத எளுதுங்க. எங்க கடற்கரையில பிள்ள மொத எட்டு வைக்கும்போ அப்பன் நேர்ல நின்னு கையப் பிடிக்கணும். பிடிக்கல்லன்னா அது பெரிய குத்தம். பங்குச்சாமியே வீடேறி வந்து கேப்பாரு. கண்டிப்பாட்டுன்னு போட்டு அடியில கோடும் போடுங்க. போட்டாச்சா?

எனக்கா? ஒண்ணுதான். ஜிஷா. பெறந்ததுக்கு லீவு கேட்டேன், மாஃபி. ஞானஸ்நானத்துக்குக் கேட்டேன், ஆளு இல்ல, பெறவு பாக்கலாம்னாரு. போன்லதான் பாத்திருக்கேன். அப்பா எங்கன்னு கேட்டா போனத்தான் தொட்டுக் காட்டுகா. நேத்து எம் பெஞ்சாதி லிண்டா வீடியோ அனுப்பினா, கட்டிலப் பிடிச்சிட்டு எந்திச்சு நிக்கா. கை இன்னும் விடல்ல. எப்பம் வேணும்னாலும் விட்டுருவா.

இல்ல மேடம், அப்பிடி ஒரு வழக்கம் எங்க ஊருல கெடையாது. நீங்க எளுதினா உண்டு.