குகை வாசலில் அழைத்தவள்

மாலை ஆறரை மணி. குஸ்கோ நகரத்துக்கு மேலே, சக்சைவமான் கோட்டைக்குப் பின்னால் போகிற மண்சாலை. கடைசிச் சுற்றுலா வண்டியும் இறங்கிப் போயிருந்தது. யூகலிப்டஸ் வாசனை... காற்று... வேறு ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில் ஒரு வேன் மட்டும் திரும்ப மேலே ஏறியது. ஓட்டியவன் நம் இலாரியோ. பக்கத்தில் அவனுடைய பெரியம்மா மகள் எடெல்மிரா. சிரிக்காதீர்கள். நாம் மாட்டிக்கொண்டிருக்கிற இந்தச் சாலை மறியல் முடிந்து பாதை திறக்க எப்படியும் விடிந்துவிடும், கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். இலாரியோ புளுகுகிறவன்தான். ஆனால் இதைச் சொன்ன அன்று அவன் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை.

எடெல்மிரா நம்மைப் போல வழிகாட்டி, பதினோரு வருஷமாக. மதியம் கதீட்ரல், அடுத்து சூரியக் கோயிலின் சுவர்மேல் பாதிரிகள் கட்டிய மடம், பிறகு கோட்டை, அதன் பின்னால் இருட்டுக் குகை. தினமும் அதே சுற்று. பத்துக் கூட்டம் கலந்து நிற்கிற இடத்தில் ஆட்களைத் திரட்ட, நாம் ஆளுக்கொரு பெயர் வைத்துக் கத்துவோம் அல்லவா? அவள் தன் கூட்டத்துக்கு வைத்த பெயர் 'குடும்பம்'.

அன்று அவள் தங்கை ரோசெந்தாவும் கூட வந்திருந்தாள். லிமாவிலிருந்து ஒரு வாரம் லீவில். குகைக்குள் எல்லாரும் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார்கள். அவள் கடைசி. வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"உள்ள யாரோ என் கையப் பிடிச்சாங்கக்கா... நீன்னு நெனச்சேன்," என்றாள்.

அதோடு பேச்சு நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுவதுபோலப் பார்த்தாள்.

நமக்குத் தெரியாதா? பயத்தில் அவள் உயிர் உள்ளேயே தங்கிவிட்டது. சீக்கிரம் அழைத்து வராவிட்டால் ஆள் மெலிந்து மெலிந்தே போய்விடுவாள். எடெல்மிரா கூட்டத்தைச் சதுக்கத்தில் இறக்கிவிட்டு, தங்கையைப் பின் இருக்கையில் படுக்கவைத்துக்கொண்டு திரும்பி வந்தது அதற்காகத்தான்.

தங்கையின் ஸ்வெட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாகக் குகை வாசலுக்குப் போனாள். மூன்று முறை அழைக்க வேண்டும். அந்த ஒருத்தியின் பெயரை மட்டும். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும்.

"ரோசெந்தா, வா... வீட்டுக்குப் போலாம்."

ஒன்றுமில்லை. உள்ளிருந்து ஈரமண் வாடை மட்டும்.

இரண்டாவது முறை அழைத்தாள். உள்ளே ஒரு கால் கல்லில் உரசியது... சரக்... நின்றுவிட்டது.

மூன்றாவது முறை அழைக்கப் போனாள். பயத்தில் வாய் தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. அதே வாசலில் பதினோரு வருஷம் கத்தியதையே கத்திவிட்டாள்.

"குடும்பமே, எல்லாரும் வாங்க. வண்டி கிளம்புது."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சரக்... சரக்... சரக்... இப்போது ஒரு கால் இல்லை, பல கால்கள். மென்று துப்பிய கோக்கா இலை நாற்றம், புளித்த சோளக் கள் நாற்றம். அவள் நடந்தாள். பின்னால் சரளைக்கல் நொறுங்கிக்கொண்டே வந்தது. திரும்பவில்லை. எனக்கென்றால் அங்கேயே உயிர் போயிருக்கும்.

வேன் கதவைத் திறந்தாள். ரோசெந்தா எழுந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் நிறம் வந்திருந்தது.

"அக்கா, பசிக்குது."

எடெல்மிரா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மற்றதெல்லாம் பிரமை என்று நினைத்துக்கொண்டாள். இலாரியோ வண்டியைக் கிளப்பினான். வேனில் இருந்தது மூன்றே பேர். ஆனால் முழுப் பாரம் ஏற்றியதுபோல் வண்டி இறக்கத்தில் இழுத்தது, ஊருக்குள் வருவதற்குள் பிரேக் கருகி நாறியது.

வீட்டில் ஆட்டுக்கறி சூப்பு இருந்தது. ரோசெந்தா ஒரு கிண்ணம் குடித்தாள். இன்னொன்று. பிறகு பானையையே இழுத்து வைத்துக்கொண்டாள். வயிறாரச் சாப்பிடுகிறாளே என்று எடெல்மிராவுக்குச் சந்தோஷம். பானை காலியாயிற்று. ரோசெந்தா அதன் அடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்:

"எங்க எல்லாருக்கும் இது பத்தலையே, அக்கா."