ஒரு மெஷின், ஒரு வேலை

ஓவர்லாக் மெஷினிடம் போய் யாரும் பட்டன் கட்டித் தரச் சொல்வதில்லை. அது துணியின் ஓரத்தை அடித்துத் தைக்கும், அவ்வளவுதான். பட்டனுக்குத் தனி மெஷின் இருக்கிறது. பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் வேலம்பாளையத்தில் பள்ளிக்கூடம் பக்கம் போகாதவருக்கும் தெரிந்த இந்த நியாயம், வீடியோ கேம் பெட்டி செய்கிற வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியவில்லை. என் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

முன்பு எங்களிடம் கேசட் சொருகும் பழைய பெட்டி இருந்தது. சொருகினால் கேம் வரும். வராவிட்டால் எடுத்து ஊதிச் சொருக வேண்டும். வேறு எதுவும் வராது. யோக்கியமான பெட்டி.

2008 தீபாவளிக்கு அண்ணன் மருதாசலம் புதியது வாங்கித் தந்தான். ஆன் செய்தால் போட்டோ என்றது, பாட்டு என்றது, படம் என்றது. எல்லாவற்றுக்கும் பின்னால் ஆறாவதாகக் கேம் நின்றது, மாப்பிள்ளையைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்த மாதிரி. அம்மா அதில் முருகன் பாட்டுப் போட்டாள். ஒரே வாரத்தில் வீட்டில் அதற்குப் பெயர் 'பிளேயர்' என்றாகிவிட்டது. பிளேயர் என்றால் ஆடுகிறவன். எங்கள் வீட்டில் அது நான் மட்டும்தான்.

பக்கத்து வீட்டுச் சாரதாமணி அக்கா மார்கழியிலிருந்து வர ஆரம்பித்தார். அவர் புருஷன் ராமர், திருநெல்வேலிப் பக்கத்து ஆள், ஆடியில் தாராபுரம் ரோட்டில் லாரி மோதி இறந்துபோனார். யாரோ ஒருவருடைய கல்யாண டிவிடியில் அவர் பதினோரு விநாடி வருகிறார். கேமராவைப் பார்த்துச் சிரித்து, "ஏ சாரதா, இங்ஙன வா. எதுக்கு வெக்கப்படுத?" என்கிறார். அவர் குரல் வேறு எதிலும் இல்லை. அந்த மட்டமான டிஸ்க்கை வேறெந்த பிளேயரும் வாங்கவில்லை. எங்களுடையது மட்டும் வாங்கியது. அதுதான் எல்லா வேலையும் செய்யுமே.

சரியாக ஆறு மணிக்கு வாசலில் நிற்பார். "ஆடீட்டு இருக்கறயா கண்ணு? நானு அப்பறமா வாறனே."

"டேய், அந்தக் கருமத்த நிறுத்தீட்டு அக்காளுக்குப் போட்டு உடு," என்பாள் அம்மா. "உன்ற கேமு எங்க ஓடிப்போவுது?"

பாதியில் நிறுத்தினால் முதலிலிருந்துதான் ஆட வேண்டும். கேமில் ஒரு கோட்டையின் கடைசிக் கதவை மூன்று முறை அப்படி இழந்தேன். அக்கா அந்தப் பதினோரு விநாடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வேலம்பாளையத்தில் யாரும் பேசாத அந்த 'வெக்கப்படுத'வை மட்டும் கூடவே சொல்லிப் பார்ப்பார்.

வேறு பிரதி இல்லை என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்காக, அந்தக் கல்யாணத்தைப் படம் எடுத்த ஸ்டுடியோவுக்குப் போய் விசாரித்து வந்தவனே நான்தான். கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார்களாம்.

ஒரு வியாழக்கிழமை, அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். டிஸ்க் எங்கள் டிவி மேலேயே இருந்தது. பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஊசி ஒன்றை எடுத்தேன். அதன் நுனியில் சின்னக் கொக்கி இருக்கும். டிஸ்க்கைக் குறுக்கே கீறினால் பிளேயர் சமாளித்துவிடும், வட்டமாகக் கீற வேண்டும். அவர் வரும் இடத்தைக் கணக்குப் போட்டு அங்கே மட்டும் கீறினேன். முகூர்த்தம், பந்தி எல்லாம் இன்றைக்கும் நன்றாக ஓடும். நான் கொடுமைக்காரன் இல்லை.

அன்று மாலை ராமர் கேமரா பக்கம் திரும்புவதற்கு முன்பே படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. அக்கா டிவியைப் பார்க்கவில்லை. பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

"என்ற டிஸ்க்கு உன்ற பிளேயரக் கெடுத்துப்போடுச்சா கண்ணு?"

"பரவால்லீங்க்கா," என்றேன். மன்னித்துவிட்டேன்.

இப்போது ஆறு மணிக்கு யாரும் வருவதில்லை. கோட்டைக் கதவு திறந்துவிட்டது. உள்ளே ஒன்றும் பிரமாதமில்லை.

போன வாரம் தண்ணீர்க் குழாயடியில் அக்கா என்னை நிறுத்தினார். "நீயுந்தான தெனமும் கேட்ட. அவரு அந்த 'வெக்கப்படுத'வ எப்படிச் சொல்லுவாரு? எனக்கு இழுவ சரியா வர மாட்டீங்குது. ஒருக்காச் சொல்லிக் காட்டு கண்ணு."

"ஞாபகம் இல்லீங்க்கா," என்றேன்.

ஒரு மெஷினுக்கு ஒரு வேலைதான். நான் ரெக்கார்டர் இல்லை. பிளேயர்.