மாத்திரை சீனுக்கு விளக்கம்

இல்ல தம்பி, மொதல்ல அந்த மைக்க சட்டையில இருந்து கழத்தி வைங்க. அத மாட்டிட்டு இருந்தியன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். ம். அப்படி உக்காருங்க. பாத்து, பத்திரிகைய மிதிச்சிராதிய. மக அபர்ணாவுக்கு ஆவணி இருவதுல கல்யாணம். பேசிக்கிட்டே இதுகளுக்கு நாலு மூலையிலயும் மஞ்சத் தடவிருதேன், தப்பா நெனைக்காதிய.

ஆமா, படம் எடுத்த கௌரிசங்கர் என் கூடப் பொறந்த தம்பிதான். அவன்தான் யோகலட்சுமி வீடுன்னு அட்ரஸ் குடுத்தானாக்கும்? அக்காவுக்குப் புரிஞ்சிருக்கும், போய்க் கேளுங்கன்னானா. ஓஹோ.

உங்க வீடியோவ அபர்ணா காட்டுனா. புரியாத படத்துக்கெல்லாம் வெளக்கம் சொல்லுதிய. இந்த ஒரு படத்துக்கே மூணு வீடியோ போட்டிருக்கிய. மூணையும் பாத்தேன். படமே தேவலன்னு ஆயிட்டு.

இங்கன தென்காசியில அஞ்சு நாள் ஓடிச்சு. நம்ம பையன் படம்லான்னு தெருவே கெளம்பிப் போச்சு. பக்கத்து வீட்டு நூர்நிஷா இடைவேளை முடிஞ்சதும் என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. அவ தம்பி ரபீக்கு, துபாய்ல இருந்து லீவுல வந்தவன், நேரா ஆப்பரேட்டர்கிட்டப் போயி, அண்ணாச்சி, ரெண்டாவது பாதிய மொதல்ல போட்டுட்டியளான்னு கேட்டுட்டான். அவரு என்ன சொன்னாருங்கிய? எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்குடே, வந்தத அப்படியே ஓட்டுதேன்னாராம்.

சிரிங்க, சிரிங்க. நீங்க மட்டும் என்ன. படத்துல அந்தப் பொம்பள ஒரே சட்டிய மூணு தடவ அடுப்புல ஏத்துதாள்லா, அதுக்கு டைம் லூப்புன்னு சொன்னிய. காலம் சுத்திச் சுத்தி வருதாம். கூட்டாஞ்சோறு ஆறிப்போனா திரும்பச் சூடு பண்ணத்தான் செய்யணும் தம்பி. ஆளு வரலன்னா அது திரும்பவும் ஆறிப்போவும். அம்புட்டுதான் லூப்பு.

எனக்கா? ஒரே தடவையில புரிஞ்சுட்டு. நெசமாத்தான். அது ஒரு சாயங்காலம், பத்தொம்பது வருசத்துக்கு முந்தி, இதே வீட்டுல. அவன் அதத் துண்டு துண்டாக் கிழிச்சு, முன்னப்பின்ன ஒட்டி வச்சிருக்கான். நான் வரிசையாச் சொல்லுதேன், கேளுங்க.

எங்க வீட்டுக்காரவுக பேரு விஜயசங்கர். குத்தாலத்துல ஒரு லாட்ஜ்ல மேனேஜர். அன்னைக்கு நாலு மணிக்கு அங்கன இருந்து ஃபோன் பண்ணுனாவ. நான் பொறவாசல்ல துணி அலசிட்டு இருந்தேன். கௌரிதான் எடுத்தான். அப்பம் அவனுக்கு இருவத்தொண்ணு வயசு. பேசி வச்சிட்டு, அக்கா, அத்தான் வாரேன்னு சொன்னாவன்னான். நான் அடுப்பப் பத்த வச்சேன். ஆறரை மணி வாக்குல கௌரி பொதிகை ரெயில்ல ஏறிட்டான். சினிமா காலேஜ்ல சேர மறுநா மெட்ராஸ்ல அவனுக்கு இன்டர்வியூ. நான் சட்டிய ஏத்தி எறக்கிட்டே இருந்தேன். மூணாம் நாள் பழைய அருவிக்கு மேல, காட்டுக்குள்ள இருந்து அவுகளத் தூக்கிட்டு வந்தாவ. அபர்ணாவுக்கு அஞ்சு வயசு.

எனக்குத் தண்ணி வேண்டாம். நீங்க குடிங்க.

எந்த ஊரு நீங்க? சரி, அங்கன எப்படியோ. நம்ம பக்கம் போறேன்னு யாரும் சொல்ல மாட்டோம். கடைக்குப் போனாலும் வாரேன், ஊரவிட்டுப் போனாலும் வாரேன். வீட்டுக்கு வாரதுக்கும் அதே வாரேன்தான். அவுக சொன்னது போற வாரேன். எங்ககிட்ட வந்து சேந்தது வார வாரேன்.

கௌரி கருமாதிக்கு வந்து அந்த வாசல் நெலையப் புடிச்சிக்கிட்டு நின்னு அழுதான். எனக்கு வெளங்கலக்கா, வெளங்கலக்கான்னு. நான்தான் தேத்துனேன். நீ என்னலே செய்வ, யாரு காதுல விழுந்தாலும் அப்படித்தாம்லே எடுத்துக்கிடுவாவன்னேன். புருசனப் பறிகுடுத்தவ நானு. ஆனா தேத்துனதும் நானு. வருசா வருசம் தெவசத்தன்னைக்கு ஃபோன் பண்ணி அழுவான். வருசா வருசம் தேத்துவேன். கல்யாணத்துல தாய்மாமன் மாலை அவன்தான் போடணும். பாருங்க, பத்திரிகையில பேரு இருக்கா.

ஆங், மாத்திரை. அதத்தான கேக்க வந்திய. படத்துல ஃபோன்ல பேசுதவன் வாரேன்னு சொல்லிட்டு, மாத்திரை இனிமே வாங்காண்டாம்னு அக்காட்டச் சொல்லிருங்கான். ஆனா படத்துல ஒருத்தருக்கும் சீக்கு கெடையாது. நீங்களும் அஞ்சு அர்த்தம் சொன்னிய. மாத்திரைன்னா அரசாங்கம்னு கூட ஒண்ணு சொன்னிய, எனக்கு அது புடிச்சிருந்துது.

எங்க வீட்டு அவுகளுக்கு ஒரு வருசமா மனசு சரியில்ல. ஆய்க்குடி முருகனுக்கு நேந்திருக்கோம்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டு, மாசாமாசம் பாளையங்கோட்டையில டாக்டர்ட்டப் போவோம். டாக்டர் குடுத்த மாத்திரைய பெருங்காய டப்பாவுக்குள்ள வச்சிருப்பேன். அவுக அம்மைக்குத் தெரியாது. கௌரிக்குத் தெரியாது. எல்லாம் முடிஞ்சப்பறம் டப்பாவோட சித்தாத்துல போட்டுட்டேன். மனுசன் போனதுக்குப் பெறவு பைத்தியம்னு ஒரு பேரு வேற எதுக்குன்னு, பெத்த மககிட்டக் கூடச் சொன்னதில்ல.

அப்பம் கௌரிக்கு மாத்திரை எப்படித் தெரியும்?

ஊரு படத்துக்கெல்லாம் யோசிக்கியள்லா, இதுக்கும் யோசிங்க. அந்த ஃபோன்ல சொல்லியிருந்தாத்தான் தெரியும். மாத்திரை வாங்காண்டாம்னும் சொல்லி, வாரேன்னும் சொன்னா, அது எந்த வாரேன்னு படிச்ச பயலுக்கு வெளங்காதா? வெளங்கியிருக்கு. படத்துல ஃபோன வச்சிட்டு அந்தப் பையன் கடிகாரத்தப் பாக்கான்லா, அது ஒரு குறியீடும் இல்ல தம்பி. ரெயிலுக்கு இன்னும் எம்புட்டு நேரம் இருக்குன்னு பாக்கான். என்கிட்டச் சொல்லியிருந்தா தெருவுல எறங்கிக் கத்தியிருப்பேன். அவன்தான் குத்தாலத்துக்கு ஓடியிருக்கணும். ஆட்டோவுல பத்து நிமிசம். ஆனா தேடிப் புடிச்சுக் கூட்டிட்டு வாரதுக்குள்ள பொதிகை போயிரும்.

நேர்ல சொல்ல அவனுக்கு வாய் வரல. ஊருக்கே புரியாத மாதிரி ஒரு படம் எடுத்து, ஒருத்திக்கு மட்டும் புரியட்டும்னு விட்டுட்டான். நீங்க எல்லாம் சேந்து அவன் மூளைய மெச்சுதிய.

படம் வந்த நாள்ல இருந்து தெனம் ஃபோன் பண்ணுதான். அக்கா, புரிஞ்சுதாக்கா? ஒரு எளவும் புரியலலேன்னேன். அந்த ஃபோன் சீனு? சத்தம் சரியாக் கேக்கலன்னேன். மாத்திரைக்கா, மாத்திரைன்னு ஒண்ணு வரும்லா? ஏன்லே, அது தலைவலி மாத்திரையான்னேன். புரிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன்னு வைங்க, அழுவான். மறுபடி நான்தான் தேத்தணும். அதுக்கு இனிமே என்னால ஆவாது.

அதான் இப்பம் உங்கள அனுப்பி வச்சிருக்கான். நீங்க உள்ளதப் போய்ச் சொன்னாலும் சொல்லுவிய. சொல்லுங்க, நான் இல்லன்னுருவேன். அவன் கேட்டா இப்படிச் சொல்லுங்க. அக்காவுக்கு ஒண்ணுமே புரியல, கல்யாண வேலையில கெடக்காவ, தாய்மாமன் மாலைக்கு ரோஜா சொல்லவா சம்பங்கி சொல்லவான்னு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னாவன்னு.